சுவிஸ் கிழவி கெடுத்த குடும்பம்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், உல்லாசப் பயணிகளை வீட்டில் தங்கவைக்கும் யோசனை என்னுடையதல்ல. பஸ் டிப்போவில் நேரக்காப்பாளனாக இருந்து ஓய்வு பெற்றவன் நான். பதுளைக்கு, மாத்தளைக்கு, யாழ்ப்பாணத்துக்கு என்று ஊரில் உள்ள சனத்தையெல்லாம் விசில் ஊதி அனுப்பிவைத்தேனே தவிர, நான் எங்கும் போனதில்லை. பயணம் போகிறவர்களைக் கண்டாலே எனக்கு அலுப்பு வரும். அப்படிப்பட்டவனுடைய வீட்டு மாடியைப் படம் பிடித்து இன்டர்நெட்டில் போட்டது கொழும்பில் வேலை செய்யும் என் மகள். "சும்மா பூட்டிக் கெடக்கிற ரூம்தானேப்பா" என்றாள். பெற்றோல் வரிசையும் கேஸ் வரிசையும் ஓய்ந்து, வெள்ளைக்காரர்கள் மறுபடி கண்டிப் பக்கம் தலைகாட்ட ஆரம்பித்திருந்த நேரம். என் பென்ஷன் மாதக் கடைசியை எட்டிப் பார்க்காத நேரமும்கூட. சரி, என்னவோ செய்து தொலையட்டும் என்று விட்டுவிட்டேன்.

எங்கள் வீடு கட்டுகஸ்தோட்டைப் பாலத்துக்கு மேலே, மேட்டில் இருக்கிறது. கண்டிப் பக்கத்தில் சமதரையில் வீடு கட்டியவன் புண்ணியவான். மற்றவர்களெல்லாம் படியேறிச் சாகவேண்டியதுதான். ரோட்டிலிருந்து வீட்டுக்குப் படி, வீட்டுக்குள்ளே மாடிக்குப் படி. மாடி வராந்தாவில் நின்றால் மகாவலி வளைந்து போவது தெரியும். அந்த வளைவுக்குத்தான் வாடகை.

ஆரம்பத்தில் வந்தவர்கள் வாலிபப் பிள்ளைகள். முதுகில் ஆளைவிடப் பெரிய மூட்டை. பால் விடாத பிளேன்டி ஒன்றை வாங்கி இரண்டு பேர் குடிப்பார்கள். ஒரு கொத்து ரொட்டியைச் சுற்றி மூன்று பேர் உட்காருவார்கள். வாடகையைக் குறைக்கச் சொல்லிச் சிரித்துக்கொண்டே கேட்பார்கள், சிரித்துக்கொண்டே குளியலறையைக் குளமாக்கிவிட்டுப் போவார்கள். இதுகளை நம்பி நாம் கேஸ் சிலிண்டர்கூட வாங்க முடியாது என்று மகளிடம் சொன்னேன்.

அப்புறம் மெதுமெதுவாகக் கிழடுகள் வர ஆரம்பித்தன. இந்தச் சொல் என் மனைவிக்குப் பிடிக்காது. "நீங்க மட்டும் என்ன கொமரனா?" என்பாள். மகள் போனில் விளக்கம் சொன்னாள்.

"அங்கயெல்லாம் இப்ப வயசானவங்கதான்பா கூட. பிள்ளைங்க கொறைவு. பென்ஷனும் வயசானவங்ககிட்டதான் இருக்கு, நேரமும் அவங்ககிட்டதான் இருக்கு. இனிமே ஊர் சுத்துறதே அவங்கதான்."

"அப்ப நம்ம நாட்டு வயசானவங்க என்னா செய்றாங்களாம்?"

"அவங்களுக்குத் தேத்தண்ணி ஊத்துறீங்க" என்றாள், கொஞ்சமும் யோசிக்காமல்.

அவள் சொன்னது சரிதான். வயதானவர்கள் ஆளுக்கொரு தேத்தண்ணியை முழுதாகக் குடித்தார்கள். இன்னொன்று கேட்டு அதற்கும் காசு கொடுத்தார்கள். மர யானை வாங்கினார்கள், பத்திக் சட்டை வாங்கினார்கள், அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டு வாடகைக் காரில் போய் இன்னொரு மர யானை வாங்கினார்கள். ஆனால் மாடிப்படி மட்டும் ஆகாது. வருவதற்கு முன்னமே கேள்விக்கு மேல் கேள்வி வரும். படி எப்படி, கைபிடி உண்டா, கட்டில் எவ்வளவு உயரம், குளியலறைத் தரை வழுக்குமா? கைபிடி அடிக்க வந்த மேசன் பாஸ் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "ஐயாவுக்குங்களா?" என்று அன்பாகக் கேட்டான். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. "எனக்கெதுக்குடா? வெள்ளக்காரனுக்கு!" என்று கத்தினேன். கத்திய வேகத்தில் முதுகு பிடித்துக்கொண்டது.

கடைசியில் நாங்கள் படுக்கும் கீழறையை அவர்களுக்குக் கொடுத்துவிட்டு, அலுமாரியோடு நாங்கள் மாடிக்குப் போனோம். என் மனைவிக்கு அறுபத்திரண்டு வயது, வலது முழங்காலில் நோவு. எனக்கு அறுபத்தேழு, எது நோவாத இடம் என்று கேட்டால் சொல்லிவிடலாம். ஒவ்வொரு நாளும் நாங்கள் இரண்டு பேரும் முனகிக்கொண்டே மாடியேறினோம், கீழே ஒரு வெள்ளைக்காரருடைய முழங்கால் நன்றாக இருக்கவேண்டும் என்பதற்காக.

அந்த நேரத்தில்தான் சுவிஸ் கிழவி வந்து சேர்ந்தாள்.

எழுபத்தெட்டு வயது. தன்னந்தனியே. ஒரு சின்னப் பை, கையில் இரண்டு ஊன்றுகோல். ரோட்டிலிருந்து அவ்வளவு படியையும் ஏறி வந்து, எனக்குக் கைகொடுத்துவிட்டு, மூச்சு வாங்கிக்கொண்டிருந்த என் முதுகைத் தட்டிக்கொடுத்தாள். அவளை அழைத்துவரக் கீழே போனவன் நான்.

அரைமணி நேரத்தில் விசயம் அக்கம்பக்கம் பரவிவிட்டது. இவ்வளவு வயதான பொம்பளை, துணையில்லாமல், கடல் தாண்டி வந்திருக்கிறாள் என்றால் எங்கள் பகுதியில் அதற்கு ஒரே அர்த்தம்தான். பிள்ளைகள் வீட்டை விட்டுத் துரத்திவிட்டார்கள். இதில் யாருக்கும் சந்தேகமே இல்லை. என் மனைவிக்கு ஏற்கெனவே கண் கலங்கியிருந்தது. பிற்பகலில் கீழ்வீட்டு ராத்தா வந்தார், முஸ்லிம் அக்காமாரை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம். கணவருக்கு அக்குறணையில் பலசரக்குக் கடை. எதிர்வீட்டு டீச்சரும் வந்தார். அவர் ஓய்வு பெற்ற சிங்களப் பாடசாலை ஆசிரியை, தமிழ் நன்றாகவே பேசுவார். நோயாளியைப் பார்க்கப் போனால் எங்கள் ஊரில் வெறுங்கையோடு போவதில்லை. ராத்தா கையில், பாலில் கரைத்துக் குடிக்கிற ஒரு பெரிய மால்ட் டின். டீச்சர் கையில் கிரீம் கிரேக்கர் பிஸ்கட்டும் தோடம்பழப் பையும்.

கிழவியைச் சாய்மனைக் கதிரையில் உட்காரவைத்து, மூன்று பொம்பளைகளும் எதிரில் வரிசையாக உட்கார்ந்து பெருமூச்சு விட்டார்கள். நான் மொழிபெயர்ப்பாளன்.

"புள்ளகள் எத்தின பேர் ஈக்காம்?" என்று ராத்தா ஆரம்பித்தார்.

கேட்டுச் சொன்னேன். நாலு பேர்.

"யா அல்லாஹ்! நாலு புள்ளகள் ஈந்துமா இப்பிடித் தனிச்சு உட்டீக்காங்க!" ராத்தா முந்தானையால் கண்ணைத் துடைத்தார். டீச்சர் கிழவியின் கையைப் பிடித்துக்கொண்டு, "அனே, பவ்... பாவம்" என்று இரண்டு மொழியிலும் இரங்கினார். என் மனைவி அவள் காலடியில் உட்கார்ந்து பாதத்தைப் பிடித்துவிடத் தொடங்கினாள்.

இவர்கள் ஏன் அழுகிறார்கள் என்று கிழவி என்னிடம் கேட்டாள். உண்மையைச் சொல்ல முடியுமா? உங்களைக் கண்ட சந்தோசம் என்று என் டிப்போ இங்கிலீசில் சொல்லிவைத்தேன். அவ்வளவுதான், கிழவிக்கும் கண் கலங்கிவிட்டது. மால்ட் டின்னை மடியில் வைத்துக்கொண்டு எல்லோரோடும் சேர்ந்து படம் எடுத்தாள். அந்தப் படத்தில் அவள் ஒருத்திதான் சிரித்துக்கொண்டிருக்கிறாள். மற்ற மூன்று பேரும் சாவு வீட்டில் உட்கார்ந்திருப்பதுபோல இருக்கிறார்கள்.

அன்று ராத்திரிச் சாப்பாடு கஞ்சி. அடுத்த நாள் காலையும் கஞ்சி. "பல்லு நோகாம சாப்புடட்டும்" என்று என் மனைவி சொன்னாள். கிழவி ஊற்றினதையெல்லாம் குடித்துவிட்டு, முறுக்கு டின்னைக் கண்டுபிடித்து அதையும் நறநறவென்று கடித்துத் தீர்த்தாள். அப்புறம் சப்பாத்தை மாட்டிக்கொண்டு பஹிரவகந்தைக்குப் போகிறேன் என்று எழும்பினாள். கண்டி டவுனுக்கு மேலே பெரிய வெள்ளைப் புத்தர் உட்கார்ந்திருக்கும் மலை அது. நடந்தே ஏறுவாளாம்.

"ஐயோ, தனியா போறாங்களே! நீங்களும் போங்க. எங்கயாச்சும் விழுந்து கிழுந்து வச்சா யாரு பதில் சொல்றது?" என்று மனைவி என்னைத் தள்ளிவிட்டாள். ஒரு கையில் குடை, ஒரு கையில் சுடுதண்ணிப் போத்தல், தோளில் கிழவிக்குக் களைப்பு வந்தால் கொடுக்க குளுக்கோஸ். கண்டி வரைக்கும் பஸ்ஸில் போனோம், அதில் எனக்கு ஒரு கஷ்டமும் இல்லை. அப்புறம் ஏற்றம். முதல் வளைவில் அவள் கையைப் பிடித்துக் கூட்டிப்போகலாம் என்று கை நீட்டினேன். கிழவி இரண்டு கோலையும் ஊன்றி, ஆடு ஏறுவதுபோல ஏறிக்கொண்டே போனாள். இரண்டாம் வளைவில் குளுக்கோசை நான் தின்றேன். மூன்றாம் வளைவில் ஒரு மதிலோரம் உட்கார்ந்தேன். கண்ணுக்குள் பூச்சி பறந்தது.

திரும்பி இறங்கி வந்த கிழவி என் நாடியைப் பிடித்துப் பார்த்தாள். தன் கோல்களில் ஒன்றை என் கையில் திணித்தாள். அந்த வழியாக வந்த ஆட்டோக்காரப் பொடியன் நிறுத்தி, "மேடம், உங்க அப்பாவுக்குச் சுகமில்லையா?" என்று இங்கிலீசில் கேட்டான். அவனை நான் இன்றைக்கும் தேடிக்கொண்டிருக்கிறேன். அந்த ஆட்டோவில் நான் மட்டும் வீடு வந்தேன். கிழவி மேலே போய்ப் புத்தரைக் கும்பிட்டு, டவுனில் பணிஸ் தின்று, மார்க்கட்டில் மாம்பழம் வாங்கி, பின்னேரம் பஸ்ஸில் வந்து சேர்ந்தாள்.

என் மனைவி விழுந்து விழுந்து சிரித்தாள். முந்தானையை வாயில் வைத்து அடக்கிப் பார்த்தாள், முடியவில்லை. ராத்தாவைக் கூப்பிட்டுச் சொல்லி மறுபடி சிரித்தாள். அப்புறம், கிழவி மாம்பழம் வெட்டிக்கொண்டிருக்கும்போது, சிரிப்பை நிறுத்திவிட்டு என்னிடம் சொன்னாள், "இந்த வயசுல எதுக்காக இப்பிடி அலையிறாங்கன்னு கேளுங்க. அப்பிடியே காலைல மாத்திர போட்டாங்களான்னும் கேளுங்க."

கேட்டேன். கிழவி வாயில் மாம்பழத்தோடு பதில் சொன்னாள். வீட்டில் இருந்தால் நாலு பிள்ளைகளும் மாறி மாறிப் போன் எடுத்து மாத்திரை போட்டாயா என்று கேட்கிறார்களாம். அந்தக் கரைச்சல் தாங்காமல்தான் வருசா வருசம் கிளம்பிவிடுகிறாளாம். பிள்ளைகள் துரத்தவில்லை, இவள்தான் தப்பி ஓடி வந்திருக்கிறாள்.

இதை மொழிபெயர்த்துச் சொன்னதும் என் மனைவி வாயை மூடவே மறந்துபோனாள். கிழவி தன் போனை எடுத்து ஊர்ப் படங்களைக் காட்டினாள். மலையெல்லாம் பனி. வேலி மேல் பனி, கார் மேல் பனி, கிழவியின் கோழிக்கூட்டு மேலும் பனி. என் மனைவி அந்தப் படத்தை விரலால் தடவித் தடவிப் பார்த்தாள்.

எனக்கு அது ஏன் என்று தெரியும். அவள் வத்தேகமவுக்கு அந்தப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவள். சின்ன வயதில் ஒரு நாள் ஆலங்கட்டி மழை பெய்ததாம். பாவாடை நிறைய அள்ளிக்கொண்டு, கொழுந்து நிறுக்கும் இடத்தில் நின்ற அம்மாவிடம் காட்ட ஓடினாளாம். போய்ச் சேர்ந்தபோது பாவாடைதான் நனைந்திருந்தது. பாவாடையை நனைத்ததற்கு அடி வேறு. கல்யாணமான புதிதில் இதைச் சொல்லிவிட்டு, "உருகாம நிக்கிறத ஒரு தடவையாச்சும் பாத்துரணும்" என்றாள். அப்போது நானும் பெரிய மனுசன்போல, பார்க்கலாம் பார்க்கலாம் என்று சொன்னேன்.

அடுத்த நாள் தேங்காய் துருவிக்கொண்டே சொன்னாள், "நானும் போகப் போறேன்."

"எங்க, சந்தைக்கா?"

"பனி பாக்க."

நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. தேங்காயில் ஒரு வெள்ளைத் துளிகூட மிச்சமில்லாமல் சிரட்டை வரைக்கும் துருவிக்கொண்டிருந்தாள்.

கிழவி போய்விட்டாள். போனவள் சும்மா இருந்தாளா? எங்கள் வீட்டைப் பற்றி இன்டர்நெட்டில் புகழ்ந்து தள்ளிவிட்டாள். இந்த வீட்டில் தங்கினால் ஊர்ப் பெண்கள் பரிசுகளோடு வந்து, கையைப் பிடித்து, கண்ணீர் மல்க வரவேற்பார்கள், இது அந்த ஊரின் பழைய வழக்கம் என்று எழுதியிருந்தாளாம். மகள் வாசித்துக் காட்டினாள். அதோடு கிழடுகள் மொய்க்க ஆரம்பித்துவிட்டன. ஒல்லாந்திலிருந்து, ஜெர்மனியிலிருந்து, எங்கெங்கேயிருந்தோ. வந்து உட்கார்ந்து பிளேன்டி குடித்துவிட்டு, "பெண்கள் எப்போது வருவார்கள்?" என்று கேட்டார்கள்.

நான் போய் ராத்தாவிடம் தலையைச் சொறிந்துகொண்டு நின்றேன். ராத்தாவுக்குக் கொண்டாட்டம். "அதுக்கென்ன, வாரதுதானே! ஊட்டுல சும்மாதானே ஈக்கிற" என்றார். டீச்சரும் சம்மதித்தார். அன்று முதல் யார் வந்தாலும் பின்னேரம் மூன்று பேரும் வரிசையாக உட்கார்ந்தார்கள். முதலில் உண்மையாகவே பெருமூச்சு விட்டவர்கள், போகப் போக நல்ல நடிகைகளாகிவிட்டார்கள். ராத்தா நினைத்த மாத்திரத்தில் அழுவார். மால்ட் டின் மட்டும் ஒன்றே ஒன்றுதான். பையில் பாரம் கூடும் என்று விருந்தாளிகள் அதை விட்டுவிட்டுப் போவார்கள், ராத்தா எடுத்துப்போய்த் தூசி தட்டி அடுத்தவருக்குக் கொண்டுவருவார். எங்கள் படிகளில் அதிகம் ஏறி இறங்கியது அந்த டின்தான். கடைசியில் ஒரு ஜெர்மன்காரர் அதைத் திறந்து, பால் கேட்டு, முழுதும் குடித்துத் தீர்த்தார். எல்லோருக்கும் அதிர்ச்சி. பிறகு வேறு டின் வாங்கினோம்.

வந்த வருமானத்தில் வீட்டுச் செலவு போக மிச்சத்தை என் மனைவி தனியாக எடுத்து வைத்தாள். எதற்கு என்று நான் கேட்கவில்லை. கேட்டால் பதில் சொல்வாள் என்ற பயம்தான்.

ஒரு நாள் டீச்சர்தான் குண்டைப் போட்டார். அவருடைய விகாரையிலிருந்து தம்பதிவ யாத்திரை, அதாவது புத்தர் வாழ்ந்த இடங்களைக் கும்பிடப் போகிறார்களாம். இந்தியாவில் புத்தகயா, அப்படியே நேபாளத்துக்குள் புகுந்து லும்பினி, கடைசியில் இரண்டு மூன்று நாள் போக்கராவில் தங்கல். அங்கே ஹோட்டல் ஜன்னலைத் திறந்தாலே இமயமலைப் பனி தெரியுமாம். போகிறவர்கள் அத்தனை பேரும் அறுபது தாண்டியவர்கள். மெதுவாகத்தான் நடப்பார்கள், வேளாவேளைக்குச் சோறு, பஸ்ஸை அடிக்கடி நிறுத்துவார்கள். "நீங்களும் வாங்களேன்" என்று என் மனைவியைக் கேட்டார்.

"நாங்க சைவமாச்சே, டீச்சர்" என்று நான் முந்திக்கொண்டேன்.

"அதனால என்ன? புத்தர் ஒண்ணும் சொல்ல மாட்டார்" என்றார் டீச்சர். "வெள்ளை உடுப்பு மட்டும் உடுத்தணும். எல்லாருமே வெள்ளைதான்."

அங்கேதான் பூகம்பம். வத்தேகமவில் இருக்கும் என் அக்காவுக்கு யார் சொன்னார்களோ தெரியாது, அடுத்த பஸ்ஸிலேயே வந்து இறங்கிவிட்டார். படியேறி வந்த மூச்சு அடங்குவதற்குள் பிடித்துக்கொண்டார்.

"ஏம்மா, என் தம்பி குத்துக்கல்லாட்டம் ஒக்காந்திருக்கான், அவன் இருக்கும்போதே வெள்ளச் சேல கட்டப் போறியாமே! ஒனக்கு அவ்வளவு அவசரமா?"

அந்த நேரம் பார்த்து எனக்குத் தும்மல் வந்தது. அக்கா என்னைத் திரும்பிப் பார்த்த பார்வை இருக்கிறதே! எனக்கு இந்தச் சகுனத்திலெல்லாம் நம்பிக்கை இல்லை, ஆனாலும் அன்றே டவுனுக்குப் போய்ப் பிரசர் பார்த்துக்கொண்டு வந்தேன்.

"வெள்ளையும் வேணாம், பனியும் வேணாம்" என்று தீர்ப்புச் சொன்னேன். "ஒன் முழங்காலுக்கு இமயமலை கேக்குதா? வயசான காலத்துல வீட்டுல அடங்கிக் கெடக்கப் பழகு. முடியாதுன்னா முடியாது."

அவள் எழும்பி நேரே அடுப்படிக்குப் போனாள். கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன், சண்டை அன்றே முடிந்திருக்கும். அன்று ராத்திரி விருந்தாளிகளுக்கு மீன் குழம்பு, கத்தரிக்காய் மோஜு, பொரித்த அப்பளம். எனக்கு ஒரு கோப்பை கஞ்சி.

"இது என்னா?"

"கஞ்சி. வயசாச்சில்ல, ஒங்களுக்கு எதுக்குக் காரம்?"

அடுத்த நாள் காலையும் கஞ்சி. பகலுக்கும் கஞ்சி. உப்பு பிரசருக்கு ஆகாது என்று அதுவும் போடவில்லை. தேத்தண்ணியில் சீனி நின்றது. மீன் குழம்பு வாசம் மாடிப்படி ஏறி வந்து என்னைப் பார்த்துவிட்டுப் போனது. ராத்தா வீட்டில் புரியாணி ஆக்கிய வெள்ளிக்கிழமை, எங்கள் வீட்டுக்கு வரும் வழக்கமான பங்கு வந்தது. அதை என் கண் முன்னாலேயே, மாதக்கணக்கில் தங்க வந்திருந்த ஒரு ஒல்லாந்து ஜோடிக்குப் பரிமாறினாள். அந்த ஆளுக்கு எண்பத்திரண்டு வயது. கையால் பிசைந்து பிசைந்து தின்கிறான்!

"இந்தா பாரு, அவனுக்கு என்னைய விட வயசு கூட!" என்று நான் கொதித்தேன்.

"அவரு ஊரு சுத்துறாரு, செமிக்கும். நீங்க வீட்டுல அடங்கிக் கெடக்கீங்க. அடங்கிக் கெடக்கிறவங்களுக்குக் கஞ்சிதான்."

ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் பணிந்துவிட்டேன். "போய்த் தொல" என்றேன். "போறதுதான் போற, ஒரு நெத்தலிப் பொரியலாவது செஞ்சு வச்சிட்டுப் போ."

அவள் அடுப்படிக்குள் போனாள். நெத்தலி பொரிகிற சத்தத்தோடு மூக்கை உறிஞ்சுகிற சத்தமும் கேட்டது. மிளகாய்க் காரம்தான் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

வெள்ளைச் சேலைக்கு அவளே ஒரு வழி கண்டுபிடித்தாள். சேலையின் நாலு மூலையிலும் மஞ்சள் தடவினாள். கை நிறையச் சிவப்புக் கண்ணாடி வளையல், தலையில் ஒரு பந்து மல்லிகை, நெற்றியில் தூரத்திலிருந்தே தெரிகிற குங்குமப் பொட்டு, தாலிக்கொடியை எடுத்து வெளியே போட்டுக்கொண்டாள். "இப்ப ஒங்க ஆயுசு கெட்டியாத்தான் இருக்கும்" என்றாள். விகாரை முன்னால் நின்ற பஸ்ஸில், வெள்ளை வெளேரென்று அமைதியாக உட்கார்ந்திருந்த உபாசிகைகள் நடுவே, கல்யாண வீட்டுக்குப் போகிறவள்போல ஏறினாள். முழங்காலுக்கு பெல்ட் கட்டியிருந்தாள். வாழ்நாளெல்லாம் பஸ் அனுப்பிய எனக்கு அன்றைக்கு அந்த பஸ் புறப்பட்டது பிடிக்கவேயில்லை. நான் நின்ற ஜன்னல் பக்கம் அவள் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. டீச்சரோடு அந்தப் பக்கத்து மலையைக் காட்டி எதையோ பேசிக்கொண்டிருந்தாள்.

வீடு எனக்கும் ஒல்லாந்து ஜோடிக்கும் என்றாகிவிட்டது. நான் தேங்காய் துருவினேன், விரலையும் சேர்த்துத் துருவினேன். சம்பலில் உப்பை இரண்டு தரம் போட்டேன். ஒல்லாந்துக்காரர் அடுப்படிக்கு வந்து, என்னை நகரச் சொல்லிவிட்டு முட்டை பொரித்தார். மூன்று பேருமாகச் சாப்பிட்டோம். வாடகை கொடுக்கிறவர் சமைக்கிறார், வாங்குகிறவன் தின்கிறேன், இப்படியும் ஒரு உல்லாசத்துறை! ராத்தாவும் பின்னேரங்களில் வந்து எனக்காகவும் ரெண்டு பெருமூச்சு விட்டுவிட்டுப் போனார்.

அவள் போன் எடுப்பாள். புத்தகயாவில் கூட்டம், லும்பினியில் வெயில், கால் வீங்கியிருக்கிறது, அதை மகளிடம் சொல்லவேண்டாம். போக்கராவுக்குப் போனதும் குரல் மாறிவிட்டது. ஜன்னலைத் திறந்தால் முகில்தான் தெரிகிறதாம். முதல் நாள் முகில். இரண்டாம் நாளும் முகில்.

"நாளைக்குக் கெளம்புறோங்க. குன்று மேல ஏறிப் பாத்தா தெரியலாமாம். ஆனா படி கூடவாம். வயசானவங்க வேணாம், ஹோட்டல்லயே இருங்கன்னு கூட்டிட்டு வந்தவரு சொல்லிட்டாரு."

நான் என்னவோ திட்ட நினைத்தேன். என் வாயிலிருந்து வந்தது வேறு. "அவன் கெடக்கான் மடையன். நம்ம வீட்டுப் படியில ஏறாததயா ஏறப் போற? உக்காந்து உக்காந்து ஏறு. டீச்சர் கையப் புடிச்சிக்க."

அன்று எனக்குத் தூக்கம் சரியில்லை. அவ்வளவு தூரம் போய், காசைக் கொட்டி, முகிலைப் பார்த்துவிட்டு வந்தாளானால் அந்த முகத்தை நான் எப்படிப் பார்ப்பேன் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். விடிந்து, ஒல்லாந்துக்காரர் பாண் வாட்டிக்கொண்டிருக்கும்போது போன் அடித்தது. படம் தெரிகிற போன். மகள் பழக்கிவிட்டிருந்தாள்.

திரை நிறைய அவள் முகம். தலையில் யாரோ கொடுத்த குரங்குத் தொப்பி, காதையும் கன்னத்தையும் மூடிக்கொண்டு. பொட்டு பாதி அழிந்திருந்தது. குளிரில் மூக்கு சிவந்து ஒழுகிக்கொண்டிருந்தது. மூச்சு வாங்கியது. கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டுகிறது, ஆனால் சிரிக்கிறாள்.

"ஏறிட்டேங்க! முகில் வெலகிருச்சு! அம்மாடி, எவ்வளவு பெருசு! பூராவும் பனிங்க, உருகாம அப்பிடியே நிக்குது. இருங்க, ஒங்களுக்கும் காட்டுறேன்."

போனை மலைப் பக்கம் திருப்பிப் பிடித்ததாக அவள் நினைத்துக்கொண்டாள். என் திரையில் மலை வரவில்லை, அவள் முகம்தான் கொஞ்சம் சரிந்தது.

"தெரியுதாங்க?"

மூன்று வாரம் ஆயிற்று அந்த முகத்தைப் பார்த்து. இப்படி ஒரு முகத்தை அதற்கு முன்னால் பார்த்ததேயில்லை. கல்யாணத்தன்றுகூட இவ்வளவு சந்தோசமாக அவள் இல்லை.

பக்கத்திலிருந்து எட்டிப் பார்த்த ஒல்லாந்துக்காரருக்கு விசயம் புரிந்துவிட்டது. கமராவை மாற்ற எதை அழுத்தவேண்டும் என்று அவளுக்குச் சொல்லச் சொல்லி, விரலை நீட்டிக்கொண்டு வந்தார். நான் அவர் கையைத் தட்டிவிட்டேன்.

"தெரியுதாங்க? ஏன் பேச மாட்டேங்குறீங்க? நல்லா இருக்கா?"

"தெரியுது" என்றேன். "ரொம்ப நல்லா இருக்கு. ஆட்டாம இன்னும் கொஞ்ச நேரம் அப்பிடியே புடி."